குறுஞ்செய்தியும் தமிழ் எழுத்தும்



நாம் வாழும் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வூர்த் தமிழர் பலர் வேலையின் பொருட்டு நாள்தோறும் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூரு சென்று திரும்பலாயினர். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே பாலமாக அமைந்தது, பொத்தான்கள் கொண்ட எளிய கைப்பேசியே.

அந்நாளில் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் உண்டு. எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை. ஆகவே, ஒருமுறை மணியடித்து நின்றால் ‘வண்டி ஏறிவிட்டேன்’, இருமுறை எனில் ‘வரத் தாமதமாகும்’ என்பன போன்ற ‘மிஸ்டு கால்’ குறிப்புகளைக் குடும்பத்தார் தமக்குள் வகுத்துக்கொள்வர். எளிய கைப்பேசியிலும் இணையம் வந்தபோது, படங்களை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் இறக்கித் தரவைச் சேமித்தவர் உண்டு. இவையெல்லாம் பாராட்டத்தக்க சிக்கன வழிகளே.

இவற்றுள் ஒன்று மட்டும் நம் மொழியைத் தொட்டது. அது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கம். அதற்கு அன்று தக்க காரணம் இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துக்கு 160 இடம். தமிழுக்கு 70 இடமே. ‘வணக்கம்’ என்னும் சொல்லில் 5 எழுத்துகள் உள்ளன. எனினும் க், ம் ஆகியவற்றின் புள்ளிகளைக் கைப்பேசி தனியே எண்ணுவதால் அச்சொல் 7 இடம் கொள்ளும். இடைவெளியின்றி எழுதினாலும் 10 வணக்கமே அடங்கும். ஆங்கில எழுத்தில் அது 8 இடம் கொள்வதால் 20 வணக்கம் அடங்கும். மேலும், தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசியில் தமிழ்ச் செய்தி வெறுங்கட்டங்களாகவே தோன்றும்.

இன்று நிலைமை வேறு. இணையவழிச் செய்திக்கு 70 என்னும் வரம்பு இல்லை. ஒரு நிழற்படத்துக்குச் செலவாகும் தரவில் பல்லாயிரம் தமிழ் எழுத்துகளை அனுப்பலாம். திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகையும் உள்ளது. காரணம் மறைந்த பின்னும் பழக்கம் நீடிப்பது முறையாகுமா?

‘அவ்வாறு எழுதுவது விரைவு, படிப்பவருக்கும் புரிகிறதே’ என்பீர்கள். விரைவு பயிற்சியால் வருவது, தமிழிலும் வரும். புரிவதோ எல்லார்க்கும் அன்று. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு உங்கள் செய்தி எட்டாது. ஆங்கிலம் அறிந்தவருக்கும் ஐயம் எழும். ல, ள, ழ மூன்றுக்கும் பலர் ஒரே ஆங்கில எழுத்தையே இடுகின்றனர். மருத்துவமனைக்குச் சென்ற தாத்தா ‘வலி தெரியவில்லை’ என்று எழுதினால் மகிழலாம். ‘வழி தெரியவில்லை’ என்று எழுதினால் உடனே புறப்பட வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதினால் எதைச் செய்வீர்கள்?

நம் பள்ளியில் தமிழ் விருப்பப் பாடம். வாரத்தில் சில வகுப்புகளில் மட்டும் எழுதும் எழுத்து கையில் நிலைக்காது. நாள்தோறும் எழுதும் இடமாகக் கைப்பேசி இருக்கும்போது, அங்கும் தமிழ் எழுத்தை விலக்கினால் அது எங்கே வாழும்?

முன்னோரின் சிக்கனத்தைப் போற்றுங்கள். வேண்டாத படங்களைத் தவிர்த்துத் தரவைச் சேமியுங்கள். ஆனால் எழுத்தில் சிக்கனம் வேண்டாம். இன்று மாலையே, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு இரண்டு வரிகள் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புங்கள்.