பூனையும் தயிர்ச்சோறும்

லாலாகுடாவில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தோன்றியது 1893 ஆம் ஆண்டில். அவ்வேலையை முன்னிட்டு வந்து, முற்றமும் மாமரமுமாக அமைந்த குவார்ட்டர்ஸ்களில் வாழ்ந்த நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் பூனைக்கும் ஓர் இடம் உண்டு. அதன் வட்டிலில் விழுவது பெரும்பாலும் மிஞ்சிய தயிர்ச்சோறே. எங்கள் இல்லத்திலும் அப்படித்தான்.

தயிர்ச்சோறு தின்ற பூனைகள் எவ்வாறு கொழுகொழுவென்று வாழ்ந்தன என்று அன்பர்கள் வினவலாம். அவற்றை வாழ்வித்தது நம் சோறன்று. இரவில் அவை பிடித்துத் தின்ற எலியே! பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. டாரீன் என்னும் சத்தைத் தன் உடலில் போதிய அளவு ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. தசையிலும் இருதயத்திலும் நிறைந்துள்ள அச்சத்து அரிசியிலும் பருப்பிலும் இல்லை. தயிரில் இருப்பதோ மிகச் சொற்பம்.

முற்றத்து வீட்டை விட்டு மாடிக் குடியிருப்புக்கு நாங்கள் பெயர்ந்தபோது பூனையும் உடன் வந்தது. சோறு மாறவில்லை, எலிதான் நின்றுபோயிற்று. இரண்டாண்டு கழிந்ததும் அந்திப்பொழுதில் அது நாற்காலிக் கால்களில் மோதத் தொடங்கிற்று. விழித்திரை கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்றார் மருத்துவர். டாரீன் குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975 இலேயே வெளியிட்டிருந்தார்கள். நாங்கள் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

விலைகொடுத்து வாங்கும் தீனி மட்டும் குற்றமற்றதா? 1987 இல், கடையில் விற்ற தீனியையே தின்ற பூனைகளுக்கும் டாரீன் குறைவால் இருதயம் வீங்கியதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். அதன் பின்னரே உற்பத்தியாளர் அச்சத்தைக் கூட்டிச் சேர்த்தனர். ஆகவே பொட்டலத்தைப் படித்து வாங்குக. முழு உணவு என்று பொருள்படும் ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லும், டாரீனின் பெயரும், பூனையின் வயதுக்கு ஏற்றது என்ற குறிப்பும் அதில் இருத்தல் வேண்டும். ‘காம்ப்ளிமெண்டரி’ என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டுமே ஆகும். சாக்கைத் திறந்து சில்லறையாக நிறுத்துத் தரும் தீனியில் இவை ஒன்றும் தெரியா; கொழுப்பும் சிக்கெடுத்திருக்கலாம். நாய்த் தீனி வேண்டவே வேண்டாம். நாய் தனக்கு வேண்டிய டாரீனைப் பெரும்பாலும் தானே ஆக்கிக்கொள்ளுமாதலின், அதன் தீனி பூனைக்குப் போதாது.

புலால் புகாத இல்லங்களுக்கும் தடையில்லை. தீனியைத் தனி டப்பாவில் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சிறிது முணுமுணுத்துப் பின் இசைந்தார்கள். புலால் சமைப்போர் கோழி இருதயத்தையும் இறைச்சியையும் வேகவைத்து அவ்வப்போது கொடுக்கலாம். டாரீன் நீரில் கரையுமாதலால் வெந்த நீரையும் சேர்த்து ஊற்றுக. ஆயின் வெறும் இறைச்சியே நாள்தோறும் போதும் என்று எண்ணற்க. எலும்பில்லா இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து குறைவு. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. குழம்பு கலந்த சோறு அதனாலும் தகாது. பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும், தண்ணீரே நலம்.

முற்றமுள்ள வீட்டினர், எலி பிடிக்கும் பூனைக்குத் தீனி எதற்கு என்று இருந்துவிட வேண்டாம். அயலார் வைத்த நஞ்சைத் தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் கேடு. அவ்வாறு ஐயம் தோன்றினால் நாராயணகுடாவிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்க.

எங்கள் பூனை இன்னும் இருக்கிறது. தீனி வட்டிலை அடுக்களை வாசலின் இடப்புறத்திலிருந்து நாங்கள் நகர்த்துவதில்லை. சுவரை உரசிக்கொண்டே வந்து சேர்ந்துவிடுகிறது.