எண்ணிக்கையில் தொலையும் ஆராய்ச்சி

1888 நவம்பர் 7-ஆம் நாள் திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. ராமனைத் தம்மவர் என்று ஸ்ரீரங்கத்தாரும் திருச்சிராப்பள்ளியாரும் கொண்டாடுவது நியாயமே. ஆனால் அவருடைய கண்டுபிடிப்பு எத்தகைய பொறுமையால் விளைந்தது என்பதை நம் கல்வி ஸ்தாபனங்கள் அடியோடு மறந்துவிட்டன என்றே அஞ்சுகிறேன்.

1923-இல் கல்கத்தாவில் ராமனிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கே. ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறும் ஒளியோடு வேறு நிறத்துச் சன்ன ஒளியொன்றும் கலந்து வருவதைக் கண்டபோது, அது அசுத்தத்தின் விளைவாக இருக்கலாமோ என்று ஐயுற்று, திரவத்தை வெற்றிடத்தில் மெல்ல மெல்லக் காய்ச்சி வடித்து, பலமுறை சுத்தி செய்து பார்த்தார், ஒளி மறையவில்லை. விடை கிடைக்க 1928 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கண்டுபிடிப்பை 'நேச்சர்' இதழுக்கு அறிவித்த முதற்குறிப்பில் ராமனுடன் கே. எஸ். கிருஷ்ணனின் பெயரும் இருந்தது. நோபல் உரையில் ராமநாதன் முதலிய மாணவர்களின் பங்கை ராமன் பெயர் சொல்லி எடுத்துரைத்தார்.

தம் சோதனையைத் தாமே சந்தேகித்த அந்த ராமநாதன் இன்று நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் முழுநேர ஆய்வாளராக இருந்தால், "இந்த வருஷம் எத்தனை பேப்பர்?" என்ற கேள்வியைத்தான் முதலில் எதிர்கொள்வார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை ஒன்றேனும் பிரசுரமாக வேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்தபோது அதன் நோக்கம் உயர்ந்ததே. எனினும் பணம் கட்டினால் சில நாட்களில் எதையும் அச்சேற்றும் இதழ்கள் பெருகி, குழுவே தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. 2022-இல் அந்தக் கட்டாயம் விலகிற்று. நியமனத்திலும் பதவி உயர்விலும் தேசியத் தரவரிசையிலும் எண்ணிக்கையின் ஆதிக்கம் மட்டும் விலகவில்லை.

2018-இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளோ பத்து சதவிகிதம் வரை சொல் ஒற்றுமையைப் பொறுத்துக்கொள்கின்றன. பிறர் வாக்கியத்தைக் களவாடியவனைப் பிடிக்கும் மென்பொருளுக்கு, செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதியவனையும், ஒத்துவராத அளவீட்டை அட்டவணையிலிருந்து சத்தமின்றி எடுத்துவிட்டவனையும் அறியும் சக்தி இல்லை. அதை அறிபவன் பக்கத்து மேஜையில் இருக்கும் சக ஆய்வாளன் ஒருவனே. அவன் ஏன் வாய் திறப்பதில்லை? மாதந்தோறும் உதவித்தொகை கைக்கு வரவும், ஆய்வேடு வாய்மொழித் தேர்வுவரை செல்லவும் தேவைப்படும் கையொப்பம் கைடு என்று அவன் அழைக்கும் அந்த நெறியாளருடையது. ஆய்வில் ஒரு நாளும் பங்குகொள்ளாத ஒருவரின் பெயரைத் தன் கட்டுரையில் சேர்க்கச் சொன்னாலும் அவன் சேர்த்துவிடுகிறான். இப்படித் தலையாட்டித் தலையாட்டித் தன் மனசாட்சியிடமே கூச்சம் கொண்டு, ஆராய்ச்சியே வேண்டாமென்று ஒதுங்கும் இளைஞர்களைக் கோழைகள் என்று பேசுவது பெரும் அநியாயம். ஒதுங்குபவர்களில் பலர் உண்மையை எல்லோரினும் அதிகமாக நேசித்தவர்கள்.

ஆதலால், புகார் சொல்லும் ஆய்வாளனின் உதவித்தொகைக்கு நெறியாளர் கையொப்பத்தின் தயவு வேண்டாதபடி பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டும். விசாரணை அந்தத் துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் போக வேண்டும். பதவி உயர்வுக்கு வருபவரிடம் அவரே தேர்ந்த மூன்று கட்டுரைகளை மாத்திரம் வாங்கி, குழுவினர் அமர்ந்து வாசிக்கட்டும். தோற்றுப்போன சோதனையை உள்ளது உள்ளபடி எழுதிய அத்தியாயமும் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மதிப்புடன் ஏற்கப்படட்டும்.