கட்டைவிரலுக்கு ஒரு வேலை

அண்மையில் கல்முனை பஸாரில் புதிய மவுஸ் ஒன்று வாங்கினேன். வழமையான இரண்டு பொத்தான்கள், நடுவில் உருளை, கட்டைவிரல் படும் விலாப்புறத்தில் மேலும் இரண்டு பொத்தான்கள். "மாமா, இது கேம் விளையாடுற ஆக்கள் பாவிக்கிறது. ஒங்களுக்கு என்னத்துக்கு?" என்றார் கடைத் தம்பி. என் கட்சி வேறு. இரு மொழிகளில் மாறி மாறி எழுதுகிறவனுக்கே இவை அதிகம் தேவை.

சொருகிய மாத்திரத்தில் இந்தப் பொத்தான்கள் இணைய உலாவியில் பின்செல்லவும் முன்செல்லவுமே பயன்படும். எழுதுகிறவனுக்கு இது ஆபத்தான ஏற்பாடு. இணையப் படிவத்தில் செய்தியைத் தட்டச்சிடும்போது விரல் தவறிப் பட்டால் பக்கம் பின்னால் போகும். சேமிக்காத எழுத்தும் பல வேளைகளில் அதோடு போய்விடும். ஆகவே முதல் வேலை, அந்தப் பணியை மாற்றுவது. தயாரிப்பாளரின் மென்பொருள் இல்லாவிட்டால், விண்டோஸில் 'எக்ஸ்-மவுஸ் பட்டன் கண்ட்ரோல்' என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு செயலிக்கும் வெவ்வேறு பணியை அதில் கொடுக்கலாம்.

எழுதும் செயலியில் ஒரு பொத்தானை மொழி மாற்றத்துக்கு வைத்தேன். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தும் வேலை அது. உலாவியில் இரண்டையும் நகலெடுக்கவும் ஒட்டவும் வைத்தேன். பாமினியில் எழுதிக் குவித்த நம் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். பழைய கட்டுரை ஒன்றை ஒருங்குறிக்கு மாற்ற, நகலெடுத்து மாற்றியில் ஒட்ட வேண்டும். மாறியதை மீண்டும் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட வேண்டும். ஐம்பது கட்டுரைகள் என்றால் இருநூறு தடவை. மணிக்கட்டு தாங்காது.

டக்ளஸ் ஏங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் உலகுக்குக் காட்டிய மவுஸிலேயே மூன்று பொத்தான்கள் இருந்தன. இடக்கைக்கு ஐந்து விசைகள் கொண்ட தனிக் கருவியும் வைத்திருந்தார். பழகிக்கொண்டால் கை வேகமாகும் என்பது அவர் எண்ணம். 1984இல் வந்த மெக்கின்டோஷ் ஒற்றைப் பொத்தானோடு எளிமையின் பக்கம் நின்றது. புதியவர்களுக்கு அது சரி. நாளெல்லாம் எழுதிப் பிழைப்பவனுக்கு ஏங்கல்பார்ட் சொன்னதே பொருந்தும்.

குறைகளும் உண்டு. பெரும்பாலான மவுஸ்களில் இப்பொத்தான்கள் இடப்பக்கத்தில் இருப்பதால் இடக்கைக்காரர்களுக்குப் பயனில்லை. மென்பொருளில் செய்த அமைப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். மவுஸை மட்டும் அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் பழையபடி பின்செல்லும் பொத்தான்தான். அமைப்பைத் தன்னுள்ளேயே பதிந்துவைக்கும் மவுஸ்களும் உள்ளன. வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.