சக்கரத்தின் மேல் ஒரு வீடு



பணி ஓய்வுக்குப் பின் டிரெய்லர் வாங்கிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் வாசகர்கள், எந்த மாடல் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இண்டியானாவின் எல்க்கார்ட் வட்டாரத்தில்தான் பெரும்பாலான டிரெய்லர்கள் தயாராகின்றன. நல்லவை பல உண்டு. ஆனால் எதை வாங்கினாலும், அதற்குள் நிம்மதியாகக் குடியிருக்கத் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். காற்றுப்போக்கி, ஆன்டெனா, ஓரத்து மூட்டுகள் எல்லாவற்றையும் சுற்றிப் பூசியிருக்கும் சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடிக்கும். முடி அளவு விரிசல் போதும். மழைநீர் இறங்கி உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை உளுத்துப்போகச் செய்துவிடும். உட்சுவரில் கறை தெரியும்போது சேதம் முற்றியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓரமெங்கும் விரலால் தடவிப் பாருங்கள். ஏணி ஏற முடியாதவர்கள் பழுதுபார்ப்பவரை அழைத்துக் காட்டுங்கள். பழைய வண்டி வாங்கப் போனால், சுவர் மூலைகளைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்வாங்கினால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

உள்ளேயிருந்தும் ஈரம் வரும். இருவர் மூடிய டிரெய்லரில் தூங்கினாலே குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் வழியும். நம் வீட்டுச் சமையலோ சோறு, இட்லி, ரசம் என்று முழுக்க ஆவிதான். எரியும் கேஸும் நீராவியை விடும். எவ்வளவு குளிராக இருந்தாலும் கூரைக் காற்றுப்போக்கியை இரண்டு விரல் திறந்து வையுங்கள். மெத்தையை அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். பூஞ்சை முதலில் அதன் அடியில்தான் பிடிக்கும்.

கழிவறைத் தொட்டியைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டியதில்லை. டிரெய்லர் நிறுத்தும் முகாமில் சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று அதன் வால்வைத் திறந்தே விடாதீர்கள். நீர் மட்டும் ஓடிவிடும், திடக்கழிவு அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு திறந்தால் வேகத்தில் எல்லாம் போய்விடும். அடுத்துக் குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும். முகாம் குழாயில் அழுத்தம் அதிகமாக இருக்கலாம் என்பதால், அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் தண்ணீர் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. 120 வோல்ட், 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் 3600 வாட்தான். ஏ.சி. ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

சாமான் ஏற்றும்போது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பின்புறம் பாரம் மிகுந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். அது உயிருக்கே ஆபத்து. உயிர் காக்கும் இன்னொரு விஷயம்: கேஸ் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் காட்டும் அலாரங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே அதைப் பார்த்துவிடுங்கள். டிரெய்லர் அடுக்களையில் இட்லிப் பானையை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்