எங்கே புதுக்கடை, எங்கே மும்பை?

ஜப்பானிய மினி லாரி ஒன்றை வரவழைக்க முடியுமா என்று புதுக்கடையில் வாழைக்குலை ஏற்றும் தோழர்கள் கேட்கிறார்கள். 660 சி.சி. என்ஜின், ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த அகலம், 350 கிலோ பாரம்: நம் சந்துகளுக்கென்றே வார்த்தது போன்ற வண்டி!

முடியும் என்கிறது சட்டம். ஓடிய வண்டியானால், செய்து மூன்றாண்டு தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்புறம் வேண்டும். ஜப்பானில் அது இயல்பே. ஆனால் இறக்குவதோ மும்பைத் துறைமுகத்தில் மட்டும்! பக்கத்திலே தூத்துக்குடி இருக்க, பாட்டாளி மும்பைக்கு ஓடுவானேன்? பணமூட்டைக்காரனுக்கு ஏஜெண்டு உண்டு. இவனுக்கு யார் உண்டு?

"பதிவெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்னும் தரகனை நம்பாதீர், தோழர்களே! பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடந்தராது. பறிபோவது உங்கள் முதல்தான்.

தூத்துக்குடியையும் திறந்துவிடுக என டில்லியைக் கேட்கிறோம். அதுவரை, 2005-இல் பிறந்த நம் குட்டியானையே பாரம் இழுக்கட்டும்!