ஒயின் மருந்தாகுமா? ஒரு சித்த வைத்தியரின் பார்வை

"வைத்தியரய்யா, ராத்திரி ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் குடிச்சா நெஞ்சுக்கு நல்லதாம்லா?"

ராயகிரி, சிவகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்கள் குடிகாரர்கள் அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடை முதலாளிகள், வெளிநாட்டிலிருந்து பிள்ளை கொண்டுவந்த பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் தாய்மார்கள்! பிராந்தி என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூட ஒயின் என்றால், "திராட்சைச் சாறுதானே?" என்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயின் ஒரு பானம். அது மருந்தல்ல. ஆரோக்கியத்துக்காக என்று சொல்லி யாரும் அதைத் தொடங்க வேண்டாம்.

ஒயின் நமக்குப் புதிதுமல்ல. 1945-ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானியர்கள் ஒயின் அனுப்பிய ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கப்பலில் வந்து இறங்கிய சரக்கு இது. "மருந்து" என்ற பட்டம்தான் புதிது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா?

பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நிறையச் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருக்கிறதே என்று 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. 1992-ல் செர்ஜ் ரெனோ என்ற ஆராய்ச்சியாளர் இதுபற்றி 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அதற்குக் காரணம் ஒயினாக இருக்கலாம் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டையைக் கண்டார்கள். "குடிக்காதவர்கள்" என்று எண்ணப்பட்ட கூட்டத்தில், உடம்பு கெட்டுப்போனதால் குடியை நிறுத்தியவர்களும் சேர்ந்திருந்தார்கள். நோயாளிகளையும் சேர்த்து எண்ணினால், அளவாகக் குடிக்கிறவர் ஆரோக்கியமாகத் தெரியத்தானே செய்வார்? தினம் ஒயின் வாங்கிக் குடிக்க வசதி உள்ளவருக்கு நல்ல சாப்பாடும் நல்ல வைத்தியமும் கிடைத்திருக்கும் என்பதும் உண்டு. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என்று தெளிவாகவே அறிவித்துவிட்டது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது 1988-லேயே பட்டியலில் ஏறிவிட்டது. பெண்களுக்குத் தினம் ஒரு கிளாஸ்கூட மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது.

"திராட்சைத் தோலில் ஏதோ சத்து இருக்குன்னு சொல்றாங்களே?" ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைச் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் ஒயினில் அது இருப்பது சில மில்லிகிராம். ஆராய்ச்சிகளில் கொடுத்துப் பார்ப்பதோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அந்த அளவை ஒயினில் தேடினால் ஈரல்தான் மிஞ்சாது! தோலோடு திராட்சை சாப்பிட ஆசையா? நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நன்றாகக் கழுவி ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் அதிலும் அளவு பார்க்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள்

லேபிளில் 12 சதவிகிதம் என்று போட்ட ஒயினில் 150 மில்லி, அதாவது ஒரு கிளாஸ், உங்கள் உடம்புக்குள் சுமார் 14 கிராம் ஆல்கஹாலைக் கொண்டுபோகிறது. நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். ஆக, ஒரு கிளாஸ் ஒயினும் 40 மில்லி பிராந்தியும் ஈரலுக்கு ஒன்றுதான். கிளாஸின் அழகை ஈரல் பார்ப்பதில்லை.

இதைத் தெரிந்துகொண்டும் பிடித்துப்போய்க் குடிப்பவர் இருக்கலாம். அது அவர் விருப்பம். ஆனால் சில பேர் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் ரொம்பக் கவனம்! சர்க்கரை இறங்கும்போது ஈரல்தான் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். மது உள்ளே இருந்தால் ஈரல் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. சர்க்கரை தாழ்ந்து அவர் தள்ளாடுவார், உளறுவார். பார்க்கிறவர்கள் போதை என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். உயிருக்கே ஆபத்து.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒயின்

ஒயினைப் பற்றிக் கேட்கிறவர்கள், அலமாரியில் இருக்கும் திராட்சாரிஷ்டத்தைப் பற்றிக் கேட்பதில்லை. உலர்ந்த திராட்சையைக் கஷாயமாக்கி, வெல்லம் கலந்து, காட்டாத்திப் பூவும் ஏலம், லவங்கப்பட்டை, மிளகு, திப்பிலி போன்ற சரக்குகளும் சேர்த்து, மூடி வைத்துப் புளிக்கவிடுவது அது. புளிக்கும்போது தானாகவே ஆல்கஹால் ஊறும். லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் 5 முதல் 10 சதவிகிதம் வரை இருக்கும். ஆயுர்வேதத்தில் மதிப்புள்ள மருந்துதான். பசியெடுக்க, களைப்பு நீங்கக் கொடுப்பார்கள். மருந்துக்கு அளவு உண்டு: 15 முதல் 30 மில்லி, சம அளவு தண்ணீர் கலந்து, சாப்பாட்டுக்குப் பின். இந்த அளவில் உள்ளே போகும் ஆல்கஹால் இரண்டு கிராம் சொச்சம்தான். ஆனால் 450 மில்லி பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தால்? 10 சதவிகிதக் கணக்கில் இரண்டரை கிளாஸ் ஒயின்!

இன்னொரு முக்கியமான விஷயம். குடியை விட டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுபவருக்கு அரிஷ்டம், ஆசவம் எதையும் "சத்து டானிக்" என்று கொடுத்துவிடாதீர்கள். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் அந்த மாத்திரையைக் கலந்து கொடுக்கிறார்களே சில சகோதரிகள், அவர்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் அது விபரீதம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் மேற்பார்வையில்தான் அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் சித்த மருத்துவத்தில் அக மருந்துகள் 32 வகை. அதில் மணப்பாகு என்று ஒன்று உண்டு. மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு கேள்விப்பட்டிருப்பீர்கள். சாறையோ கஷாயத்தையோ சர்க்கரையோடு பாகாகக் காய்ச்சுவது. புளிக்க வைப்பதில்லை, அதனால் போதை கிடையாது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு, பசியின்மைக்கு நான் முதலில் நினைப்பது மாதுளை மணப்பாகைத்தான்.

பிள்ளை பெற்றவளுக்கு வேண்டாம்!

"உடம்பு இறுகணும், குளிர் அண்டக் கூடாது" என்று பிரசவமானவளுக்குப் பிராந்தியோ ஒயினோ கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹாலோ, ஏறக்குறைய அதே அளவு தாய்ப்பாலிலும் இருக்கும். பச்சிளம் ஈரல் அதை எப்படிச் சமாளிக்கும்? சளி பிடித்த குழந்தையின் நாக்கில் இரண்டு சொட்டு வைப்பதும் வேண்டவே வேண்டாம். மதுவால் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். பாட்டி சொல்கிறாளே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் பாட்டிக்கு மரியாதை கொடுத்தே, சுக்கும் மிளகும் பூண்டும் சேர்ந்த பத்தியச் சாப்பாட்டை அவர் கையாலேயே சமைக்கச் சொல்லுங்கள்.

விருந்தாளிக்கு என்ன கொடுப்பது?

குற்றாலச் சீசனுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு ஒயின்தான் ஊற்ற வேண்டுமா? எங்கள் பக்கத்துப் பனைமரம் என்ன பாவம் செய்தது! மாசி, பங்குனியில் தொடங்கும் பதநீரைப் போல ஒரு பானம் வருமா? சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு புளித்துக் கள். விடியற்காலையில் இறக்கியதை வடிகட்டி உடனே குடியுங்கள். நுரை பொங்கி, புளிப்பு வாடை அடித்தால் வாங்காதீர்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இனிப்பு இருப்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஆகாது. அவர்களுக்கு நீர்மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டுக் கொடுங்கள்.

இருதயத்துக்கு நல்லது வேண்டுமா? தினம் அரைமணி நேரம் நடை, குறைந்த உப்பு, புகையிலையை விடுவது, ரத்தக்கொதிப்பை மாதம் ஒருமுறை பார்ப்பது. இந்த நான்கும் செய்கிறவருக்கு ஒயின் தேவையில்லை. இவற்றைச் செய்யாதவரை ஒயின் காப்பாற்றப் போவதுமில்லை. ஃபிரிட்ஜில் இருக்கும் அந்த பாட்டிலைத் திறப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேசும்போது, அன்றாடம் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.