வெடிக்கு வரம்பு, ஒட்டுக்கேட்புக்கு?

வெடிமருந்துக்கு அளவு உண்டு. ஓரறையில் நால்வர்க்குமேல் இருந்து தொழில் செய்தல் கூடாது. வரம்பு மீறலின் விளைவைச் சிவகாசிக்கு அடுத்த முதலிப்பட்டி 2012-இல் கண்டது; முப்பதின்மருக்கு மேற்பட்டோர் கருகி மாண்டனர். எனவே, உரிமம், ஆய்வு, ஒறுப்பு என வெடித்தொழிலுக்கு அரசு வரம்பு கட்டுகின்றது. கட்டட்டும், அது முறையே.

ஆனால், அவ்வரசின் காதுக்கு வரம்பு கட்டுவோர் யார்?

வெடிமருந்துச் சட்டத்தை 1884-இல் செய்த வெள்ளையன், மறு ஆண்டே தந்திச் சட்டத்தையும் செய்தான்; பிறர் செய்தியை இடைமறிக்கும் ஆற்றலை அதில் தனக்கு எழுதிக்கொண்டான். அவன் போனான், அவ்வாற்றல் போகவில்லை. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அது குடியேறியுள்ளது. ஒட்டுக்கேட்க ஆணையிடுவோர் அரசுச் செயலர். அவ்வாணையை ஆய்வோரும் அரசுச் செயலரே! கேட்கப்பட்டவனுக்கோ ஒரு சொல்லும் அறிவிக்கப்படுவதில்லை.

தொலைபேசியை ஒட்டுக்கேட்டல் தனிவாழ்வினுள் கடும் ஊடுருவல் என்று 1996-இல் உச்ச முறைமன்றம் உரைத்தது. தனிவாழ்வு அடிப்படை உரிமையே என்று 2017-இல் நடுவர் ஒன்பதின்மர் ஒருமித்து முடிவு கூறினர். கையூட்டு வழக்கொன்றில் நடுவணரசு 2011-இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர் முறைமன்றம் 2025 சூலை 2-இல் நீக்கிற்று. பொது நெருக்கடியோ பொதுமக்கட் காப்போ இல்லாவிடத்து, குற்றந் துருவுதற்கென மறைவாகக் கேட்டல் சட்டத்துக்குப் புறம்பு என்றது. இதைச் சொல்லப் பதினான்கு ஆண்டுகள்!

அறைக்கு நால்வர் என்று தொழிலாளரை எண்ணும் அரசு, தான் கேட்கும் பேச்சுகளை எண்ணிக் காட்டுமா? கேட்க வேண்டுமாயின், நடுவர்முன் ஏதுக்காட்டி முன்னிசைவு பெறுக! முடிந்தபின் உரியவனுக்கு அறிவிக்க! அதுவரை, தமிழன் வீட்டுத் தொலைபேசியில் வெள்ளையனின் காதே ஒட்டிக்கொண்டிருக்கும்.